ஜல்லிக்கு அடியில் ஓடும் தண்ணீர்

காட்டுப்பள்ளியில் 2010-இல் திறக்கப்பட்ட கடல்நீர்க் குடிநீர் ஆலை, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நன்னீர் தரும் திறன் கொண்டது. இப்படிப்பட்ட ஆலைகளில் ஆயிரம் லிட்டர் நன்னீர் எடுக்க மூன்றரை முதல் நான்கு யூனிட் மின்சாரம் செலவாகிறது. இவ்வளவு பாடுபட்டு உப்பைப் பிரித்தெடுக்கும் தண்ணீர் வடசென்னை வீடுகளுக்கு வருகிறது. குளிக்கிறோம், பாத்திரம் தேய்க்கிறோம், துணி அலசுகிறோம். ஐந்து நிமிடத்தில் அது கழிவுநீர் ஆகிவிடுகிறது. அதன் பிறகு அது எங்கே போகிறது என்று நம்மில் பெரும்பாலோர் கேட்பதில்லை.

எனக்கு அந்தக் கேள்விதான் வயிற்றுப்பிழைப்பாக இருந்தது. மணலியில் ஒரு தொழிற்சாலையின் கழிவுநீர் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வீடு விம்கோ நகரில், தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம். தீப்பெட்டிக் கம்பெனியின் பெயரால் வளர்ந்த ஊர் இது. 2021-இல் மெட்ரோ ரயில் வந்த பிறகு நகரத்து மக்கள் பலருக்கும் பெயர் தெரிந்துவிட்டது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், மணலிக்கும் எங்களுக்கும் நடுவில் பக்கிங்காம் கால்வாய் ஓடுகிறது. 1806-இல் காக்ரேன் என்ற வெள்ளைக்காரர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டிய பகுதி இது. விறகும் உப்பும் சுமந்த படகுகள் போன வழி. இன்று அதில் வருவது என்ன என்று இங்கே குடியிருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கழிவுநீர் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதை அளக்க ஆய்வகத்தில் ஒரு சோதனை உண்டு. பி.ஓ.டி. என்போம். கழிவுநீரைக் கொஞ்சம் எடுத்து, நல்ல நீரில் கலந்து, காற்றுப் புகாத கண்ணாடிக் குப்பியில் அடைத்து, இருட்டில், 27 டிகிரி வெப்பத்தில் மூன்று நாள் வைப்போம். நீரில் இருக்கும் கிருமிகள் அழுக்கைத் தின்னும். தின்னும்போது நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். மூன்று நாள் கழித்து எவ்வளவு ஆக்சிஜன் குறைந்திருக்கிறது என்று பார்த்தால் அழுக்கின் அளவு தெரிந்துவிடும். வீட்டுக் கழிவுநீரில் இது லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை வரும். வெளியே விடுவதற்கு முன் 30-க்குள் கொண்டுவர வேண்டும் என்பது எங்கள் காலத்து வரம்பு. பெருநகரங்களுக்கு இப்போது இன்னும் இறுக்கியிருக்கிறார்கள்.

இதை ஒரு வீட்டுக்கணக்காகப் போட்டுப் பாருங்கள். நகரத்தில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது அரசாங்கத்தின் கணக்கு. அதில் ஐந்தில் நான்கு பங்கு கழிவாக வெளியேறும். ஐந்து பேர் உள்ள வீட்டிலிருந்து 540 லிட்டர். நம் ஊர் வெப்பத்தில் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். ஆக, ஒரே ஒரு வீட்டின் ஒரு நாள் கழிவுநீர் அப்படியே கால்வாயில் கலந்தால், சுமார் 17 ஆயிரம் லிட்டர் நல்ல நீரில் இருக்கும் ஆக்சிஜன் முழுவதையும் அது தின்றுவிடும். மீனுக்கு மூச்சு எங்கிருந்து வரும்? எண்ணூர் முகத்துவாரத்தில் வலை போடுகிறவர்கள் தொழிற்சாலைக் கழிவையும் அனல்மின் நிலையச் சாம்பலையும் பற்றிச் சொல்லும் குறை அத்தனையும் நியாயம். அதோடு நம் வீட்டுக் குளியலறைக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

முன்பு திருவொற்றியூர்ப் பக்கத்து வீடுகளில் இந்தத் தண்ணீருக்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். கொல்லையில் துணி துவைக்கிற கல், அதை ஒட்டி ஒரு சிறு வாய்க்கால், வாய்க்கால் முடிகிற இடத்தில் நாலு வாழை, கொஞ்சம் சேம்பு, கரையில் சிவப்பும் மஞ்சளுமாகக் கல்வாழை. கடலோர மணல் என்பதால் நீர் இறங்கிவிடும். வேருக்கடியில் இருக்கும் கிருமிகள் சோப்பையும் அழுக்கையும் தின்றுவிடும். வீட்டுக்கு ஆறு பேரும் சுற்றி வெற்றிடமும் இருந்த வரை இது போதுமானதாக இருந்தது. அதே மனையில் இன்று மூன்று மாடி, ஒன்பது குடும்பம். கொல்லை முழுவதும் சிமென்ட். வாழை போனது, தண்ணீர் மட்டும் பல மடங்கானது.

அந்த வாழையடி வேலையைக் கணக்குப் போட்டு, அளவெடுத்து, மேடை கட்டிச் செய்வதுதான் நாணல் படுகை. 1950-களில் ஜெர்மனியின் ப்ளோன் நகரில் கேட்டே சைடல் என்ற பெண் விஞ்ஞானி, ஏரிக்கரையில் வளரும் கோரை வகைச் செடிகள் அழுக்கு நீரை எப்படித் தெளியவைக்கின்றன என்று ஆராயத் தொடங்கினார். கழிவுநீர் என்றால் இயந்திரமும் ரசாயனமும்தான் என்று இருந்த பொறியாளர்கள் நெடுங்காலம் அவரைப் பொருட்படுத்தவில்லை. பின்னர் ரைன்ஹோல்ட் கிக்குத் என்பவர் அதை வேர்மண்டல முறை என்று வளர்த்தார். 1974-இல் ஓத்ஃப்ரேசன் என்ற ஊரில் அந்த முறையில் ஒரு நிலையம் வந்தது. இன்று பிரான்சில் மட்டும் ஆயிரக்கணக்கான சிற்றூர்கள் நாணல் படுகையைத்தான் நம்பியிருக்கின்றன.

நமக்கு இதைப் பார்க்க ஜெர்மனி போக வேண்டியதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் ஏறினால் போதும். என் அக்காவுக்குக் கண்புரை அறுவைக்காகப் புதுச்சேரி தவளக்குப்பத்தில் இருக்கும் அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போயிருந்தேன். உறவினர் எல்லோரும் வரவேற்பறையில் உட்கார்ந்திருக்க, என் கால் வழக்கம்போல் கட்டடத்தின் பின்பக்கத்தைத் தேடிப் போனது. அடர்ந்து வளர்ந்த செடிகள். ஒரு தோட்டக்காரர் காய்ந்த தண்டுகளை அறுத்துக்கொண்டிருந்தார்.

“இது என்ன செடிங்க, இவ்ளோ செழிப்பா?”

“ஆஸ்பத்திரி தண்ணிதான் சார். இதுக்கு அடியிலதான் போவுது.”

நான் குனிந்து ஜல்லியைக் கையால் தள்ளிப் பார்த்தேன். மேலே காய்ந்த கல். அரை சாண் ஆழத்துக்கு மேல் போனபோதுதான் விரல் நனைந்தது. வாடை இல்லை. முப்பது வருடத்துக்கும் மேல் கழிவுநீரோடு வாழ்ந்த மூக்கு என்னுடையது. அதற்கே ஒன்றும் தெரியவில்லை.

அந்த மருத்துவமனை 2003-இல் தொடங்கியது. நாளொன்றுக்கு மூன்று லட்சம் லிட்டர் அளவிலான கழிவுநீரை அங்கேயே சுத்திகரித்துத் தோட்டத்துக்கு விடுகிறார்கள். ஆரோவில்லில் இயங்கும் அறிவியல் ஆராய்ச்சி மையம் வடிவமைத்தது அது. ஜெர்மனியின் ப்ரெமன் நகரத்துப் போர்டா என்ற அமைப்பு ஆசிய நாடுகள் பலவற்றில் பரப்பிய முறை. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் ஆரோவில் மையத்தார்தான் இதில் முன்னோடிகள். ஆரோவில்லின் பல குடியிருப்புகளில் இதே மாதிரிப் படுகைகள் உண்டு.

இது எப்படி வேலை செய்கிறது என்பதை நிதானமாகச் சொல்கிறேன். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை, ஆனால் ஒவ்வொரு படியும் முக்கியம்.

முதலில் தொட்டி. கழிவுநீர் நேராகப் படுகைக்குப் போகக் கூடாது. வீட்டு செப்டிக் டேங்க் போன்ற ஒரு தொட்டியில் கெட்டிப் பொருள் அடியில் தங்கும், எண்ணெய்ப் பிசுக்கு மேலே மிதக்கும். இங்கேயே மூன்றில் ஒரு பங்கு அழுக்கு குறையும். பெரிய இடங்களில் இதற்கு அடுத்து, தடுப்புச் சுவர்கள் வைத்த அறைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வோர் அறையிலும் நீர் மேலிருந்து கீழே இறங்கி, அடியில் தங்கியிருக்கும் சேற்றின் ஊடாக மேலேறி, அடுத்த அறைக்குப் போகும். ஆக்சிஜன் இல்லாமலே வாழும் கிருமிகள் அந்தச் சேற்றில் கோடிக்கணக்கில் இருக்கின்றன. நீர் அவற்றை உரசிக்கொண்டு போகப் போக, இன்னும் கணிசமான பங்கு அழுக்கு போய்விடும். மின்சாரம் கிடையாது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீர் தானே போகிறது.

அடுத்தது படுகை. சுமார் இரண்டடி ஆழம். அடியில் நீர் கசியாதபடி கனமான பிளாஸ்டிக் விரிப்போ களிமண்ணோ கான்கிரீட்டோ இருக்க வேண்டும். எங்கள் பகுதி போல நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்தில் உள்ள மணல் பூமியில் இதில் கஞ்சத்தனம் கூடாது. நீர் நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் ஒன்றரை இஞ்சுக்கு மேல் பெரிய கல். நடுவில் முக்கால், அரை இஞ்சு ஜல்லி. மண் தூசி இல்லாமல் நன்றாகக் கழுவிய ஜல்லி என்பது மிக முக்கியம். தூசியோடு கொட்டிய படுகை சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். வெளியேறும் இடத்தில் மடக்கு வைத்த குழாய் ஒன்று. அதை உயர்த்தியும் தாழ்த்தியும் உள்ளே இருக்கும் நீர்மட்டத்தை ஜல்லியின் மேற்பரப்புக்கு இரண்டு மூன்று அங்குலம் கீழேயே வைத்திருக்க வேண்டும். கொசு முட்டையிடத் தேங்கிய நீர் வேண்டும். இங்கே நீர் கண்ணுக்கே தெரியாது. “கொசு வராதா அண்ணே?” என்று எங்கள் தெருவில் முதலில் கேட்பது இதைத்தான். அந்தக் குழாயை ஒழுங்காக வைத்திருந்தால் வராது. மூடி உடைந்த செப்டிக் டேங்கிலிருந்தும் திறந்த கால்வாயிலிருந்தும்தான் நம்மை இப்போது கடிக்கும் கொசு வருகிறது.

ஜல்லியில்தான் செடி நடுகிறோம். சதுர மீட்டருக்கு நான்கு தூர் போதும். நம் ஊருக்கு நாணல், சம்பு, கோரை, கல்வாழை எல்லாம் ஒத்துவரும். விம்கோ நகர், எர்ணாவூர் பக்கம் போர் தண்ணீரில் உப்பு ஏறியிருக்கிறது. அங்கே நாணலும் சம்பும் தாங்கும், கல்வாழை அவ்வளவு தாங்காது. எண்ணூர் உவர்நிலங்களில் நாணலும் சம்பும் தானாகவே வளர்கின்றன, நாற்றுக்கு அலைய வேண்டாம்.

செடிதான் அழுக்கை உறிஞ்சிச் சுத்தம் செய்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். செடி எடுத்துக்கொள்வது சிறிய பங்குதான். பெரும் வேலையைச் செய்வது ஜல்லியின் மேலும் வேர்களின் மேலும் வழவழப்பாகப் படியும் கிருமிப் படலம். அப்படியானால் செடி எதற்கு? இந்த நீர்த்தாவரங்களின் தண்டுக்குள் காற்றறைகள் இருக்கின்றன. இலையிலிருந்து வேர்நுனி வரை காற்று இறங்குகிறது. வேரைச் சுற்றி மெல்லிய அளவில் ஆக்சிஜன் கசிகிறது. அங்கே ஆக்சிஜன் வேண்டிய கிருமிகள் குடியேறி, அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. ஒரு விரற்கடை தள்ளி ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வேறு கிருமிகள் அந்த நைட்ரேட்டை உடைத்து நைட்ரஜனைக் காற்றுக்கு அனுப்பிவிடுகின்றன. எதிரெதிரான இரண்டு வேலைகளும் ஒரே படுகைக்குள் பக்கம் பக்கமாக நடக்கின்றன. சுத்திகரிப்பு ஆலையில் இதற்குத் தனித்தனித் தொட்டியும், இரவும் பகலும் ஓடும் காற்றூதியும் வேண்டும். எங்கள் ஆலையில் மின்சாரக் கட்டணத்தில் பெரும் பங்கு அந்தக் காற்றூதிக்குத்தான் போனது. மேலும் வேர் போகப் போக ஜல்லியின் இடைவெளி அடைபடாமல் வழி திறந்துகொண்டே இருக்கும்.

நீர் நாலைந்து நாள் உள்ளே நகர்ந்துவிட்டு வெளியே வரும்போது பி.ஓ.டி. முப்பதுக்குள் வந்துவிடும். நோய்க்கிருமியும் பத்தில் ஒன்பதுக்கு மேல் குறையும். ஆனால் முழுக்கப் போகாது. ஆகவே இந்த நீர் குடிக்க அல்ல, பச்சையாகத் தின்னும் கீரைக்கும் அல்ல. மரத்துக்கு விடலாம். ஒரு சிறு குளத்தில் வெயில் படவிட்டோ குளோரின் சேர்த்தோ கழிப்பறைக்கும் தரை கழுவவும் பயன்படுத்தலாம். கோடையில் செடி உறிஞ்சி ஒரு பங்கை ஆவியாக்கிவிடும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

“கால்வாயிலதான் ஆகாயத்தாமரை அப்பிக் கெடக்கே, அது சுத்தம் பண்ணாதா சார்?” என்று ஒரு தம்பி கேட்டான். நல்ல கேள்வி. அது சத்தை உறிஞ்சுவது உண்மை. ஆனால் யாரும் அறுத்து வெளியே எடுப்பதில்லை. அங்கேயே அழுகி, உறிஞ்சியதையெல்லாம் தண்ணீருக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. போதாததற்கு நீரின் மேல் மூடி, காற்றையும் வெளிச்சத்தையும் தடுக்கிறது. கவனிக்க ஆளில்லாத செடி நன்மை செய்யாது. நாணல் படுகைக்கும் இதே விதிதான்.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நகரத்தின் வேறொரு மூலையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் அழகாகக் கட்டிய படுகை ஒன்று, சில வருடத்தில் கறுத்த குட்டையாகிவிட்டது. முன்தொட்டியில் சேர்ந்த கசடை யாரும் லாரி வைத்து எடுக்கவில்லை. கசடு ஜல்லிக்குள் போய் அடைத்து, நீர் மேலே வந்து, செடி அழுகி, கொசு வந்து, கடைசியில் மண் போட்டு மூடிவிட்டார்கள். இந்த முறையே வேலைக்கு ஆகாது என்று அங்கே இன்றும் சொல்கிறார்கள். தவறு முறையில் இல்லை. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கசடு எடுப்பது, சமையலறைத் தண்ணீருக்கு எண்ணெய் பிடிக்கும் சிறு தொட்டி வைத்து வாரம் தவறாமல் வழிப்பது, செடியை அறுத்து அப்புறப்படுத்துவது, ஜல்லியில் முளைக்கும் அரசங்கன்றைச் சின்னதிலேயே பிடுங்குவது, நுழைவாயில் ஜல்லி அடைத்தால் அந்தப் பகுதியை மட்டும் தோண்டிக் கழுவிப் போடுவது. இவ்வளவுதான் பராமரிப்பு. ஆனால் இவ்வளவும் வேண்டும். தொட்டியைச் சுத்தம் செய்ய எக்காரணம் கொண்டும் மனிதரை உள்ளே இறக்கக் கூடாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. சட்டம் வந்த பிறகும் நம் மாநிலத்தில் தொட்டிக்குள் உயிர்கள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. குழாய் விட்டு உறிஞ்சும் லாரி வந்து நிற்க வழி இல்லாத இடத்தில் தொட்டி கட்டவே கூடாது என்பது என் முடிவு.

இடம் எங்கே என்பது அடுத்த கேள்வி. எங்கள் பகுதியில் இதுதான் பெரிய கேள்வி. கழிவறை நீரும் சேர்ந்த முழுக் கழிவுக்கு, முன்தொட்டிகள் நன்றாக அமைந்தால், ஓர் ஆளுக்கு ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் வேண்டும். ஒன்பது குடும்பம், நாற்பது பேர் என்றால் 60 முதல் 80 சதுர மீட்டர். அரை கிரவுண்டில் கட்டிய வீட்டுக்கு இது நடக்காது, நடக்கும் என்று சொல்லி நான் யாரையும் ஏமாற்ற மாட்டேன். பாதாளச் சாக்கடை வந்துவிட்ட தெருவில் இணைப்பு வாங்கிவிடுவதே சரி. படுகைக்கு ஏற்றவை பள்ளிகள், மருத்துவமனைகள், ரயில்வே குடியிருப்பு, பூங்காக்கள், சாக்கடைக் குழாய் எட்டாத கால்வாயோரக் குடியிருப்புகள்.

ஒரு பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொள்வோம். கை கழுவும் நீர், சத்துணவுக்கூடத்தில் பாத்திரம் கழுவும் நீர் என்று நாளுக்கு 5,000 லிட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டடி ஆழத்தில் 80 சதுர மீட்டர் படுகை இருந்தால், ஜல்லிக்கு இடையே உள்ள இடைவெளியில் அந்த நீர் ஏறத்தாழ நான்கு நாள் தங்கும். 80 சதுர மீட்டர் என்பது ஒரு ஷட்டில் கோர்ட் அளவு. வடசென்னையில் பல அரசுப் பள்ளிகளின் பின்பக்கத்தில் உடைந்த பெஞ்சு அடுக்கிக் கிடக்கும் இடமே இவ்வளவு இருக்கும்.

சென்னையில் இது புதுக் கதையும் அல்ல. நெதர்லாந்து அரசு 2018-இல் ‘வாட்டர் ஆஸ் லெவரேஜ்’ என்ற திட்டத்துக்கு ஆசியாவில் மூன்று நகரங்களைத் தேர்ந்தது. சென்னை அதில் ஒன்று. மற்றவை வங்கதேசத்தின் குல்னாவும் இந்தோனேசியாவின் செமாராங்கும். அதில் பிறந்த ‘ஆயிரம் குளங்களின் நகரம்’ என்ற யோசனையின் முன்னோட்டமாக, லிட்டில் ஃபிளவர் கான்வென்ட்டின் பார்வையற்றோர், காதுகேளாதோர் பள்ளி வளாகத்தில் செடிப் படுகை அமைத்துக் கழிவுநீரைச் சுத்திகரிக்கிறார்கள். மழைநீரும் சுத்திகரித்த நீரும் நிலத்தடிக்குப் போவதுதான் அதன் நோக்கம். நகரத்தின் நடுவில், நெருக்கடியான இடத்தில், பிள்ளைகள் நடமாடும் வளாகத்தில் அது இருக்கிறது. அங்கே முடிந்தது திருவொற்றியூரில் ஏன் முடியாது?

பெரிய அளவிலும் உதாரணம் உண்டு. தில்லி பூசாவில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் தன் வளாகத்தில் சம்புப் படுகைகள் அமைத்து, நாளொன்றுக்கு 22 லட்சம் லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரித்து வயலுக்கு விடுகிறது. கொல்கத்தாவின் கிழக்கே 12,500 ஹெக்டேர் சதுப்புநிலம் இருக்கிறது. நகரத்துச் சாக்கடை அங்கே ஆழமில்லாத மீன் குளங்களில் வெயில் காய்ந்து, பாசியாகி, மீனுக்கு உணவாகிறது. மீனவரும் விவசாயிகளும் தலைமுறைகளாக நடத்தும் ஏற்பாடு அது. அதை உலகுக்கு எடுத்துச் சொல்லி, கட்டடக்காரர்களிடமிருந்து காக்க வாழ்நாள் முழுக்கப் போராடியவர் துருபஜ்யோதி கோஷ் என்ற பொறியாளர். 2002-இல் அந்தச் சதுப்புநிலம் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஈரநிலத்தை வீண் நிலம் என்று எழுதிவைத்து மண் கொட்டி நிரப்பும் பழக்கம் உள்ள நம் கடற்கரைக்கு அவரைப் போல் ஒருவர் கிடைக்கவில்லையே என்ற ஏக்கம் எனக்கு உண்டு. எண்ணூரில் மூடிய ஒவ்வொரு ஏக்கர் உவர்நிலமும் வெள்ளத்தை வாங்கி, அழுக்கை வடித்து, இறால் குஞ்சை வளர்த்த நிலம். அதை விட்டுக்கொடுத்துவிட்டு ஜல்லி கொட்டிப் படுகை கட்டுவது சரியான கணக்கே இல்லை. இருப்பதைக் காப்பது முதல் வேலை, கட்டுவது இரண்டாவது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நாணல் படுகை வீட்டுக் கழிவுக்கு. தொழிற்சாலைக் கழிவுக்கு இதுவே போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஓமன் நாட்டில் நிம்ர் என்ற பாலைவனப் பகுதியில், எண்ணெய்க் கிணறுகளிலிருந்து எண்ணெயோடு வரும் நீரைப் பல நூறு ஹெக்டேர் நாணல் வயலில் விட்டுச் சுத்திகரிக்கிறார்கள். நாளுக்கு 10 கோடி லிட்டருக்கும் மேல். உலகின் மிகப்பெரிய நாணல் படுகை என்று சொல்லத்தக்கது. ஆனால் அங்கே முதலில் எண்ணெயைப் பிரித்து எடுத்த பிறகே நீர் நாணலுக்குப் போகிறது. கலந்து வருவது என்ன என்பதும் தெரியும். நம் ஊர்க் கால்வாயில் வருவது அப்படி ஒரே வகைக் கழிவு அல்ல. ஈயம், குரோமியம் போன்ற கனஉலோகம் வந்தால் கிருமி அதைத் தின்னாது. அது படுகையின் அடியில் தங்கும், நாளடைவில் படுகையே ஆபத்தான கழிவுக் குவியல் ஆகிவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி பக்கமிருந்து எண்ணெய் வந்து எர்ணாவூர் வீடுகளின் சுவரில் கறுப்புக் கோடு போட்டதே, அந்த எண்ணெயில் எந்த நாணலும் பிழைத்திருக்காது. தொழிற்சாலை தன் கழிவைத் தன் மதிலுக்குள்ளேயே சுத்தம் செய்ய வேண்டும். அதை அளந்து பார்க்க வேண்டியது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். அந்தக் கடமையை ஒரு செடியின் தலையில் ஏற்றக் கூடாது.

வெள்ளத்தையும் மறக்கக் கூடாது. தாழ்வான பகுதியில் படுகையைத் தரைமட்டத்தில் கட்டினால் ஒரு மழையில் தெருச் சேறு முழுவதும் ஜல்லிக்குள் போய்விடும். சுற்றிலும் முழங்கால் உயரத்துக்குக் கரை எழுப்ப வேண்டும். விம்கோ நகரில் கட்டுகிறவர்கள் 2015-இலும் 2023-இலும் தண்ணீர் எதுவரை ஏறியது என்று அக்கம்பக்கத்து அம்மாக்களிடம் கேட்டுவிட்டுக் கட்டினால் போதும். அவர்கள் சொல்லும் அளவு எந்த வரைபடத்தையும் விடச் சரியாக இருக்கும்.

மாநகரத்தின் பெரிய சுத்திகரிப்பு நிலையங்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொடுங்கையூரில் வரும் கழிவுநீரை எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் நாளுக்கு 4.5 கோடி லிட்டர் சுத்திகரித்து, மணலித் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும் ஆலை 2019 முதல் இயங்குகிறது. நல்ல வேலை அது. அவ்வளவு நல்ல தண்ணீர் மிச்சமாகிறது. ஆனால் குழாய் வழியே வந்து சேரும் கழிவைத்தான் அந்த ஆலை தொட முடியும். குழாய்க்குள் வராத தண்ணீர்தான் மழைநீர் வடிகால் வழியாகக் கால்வாயில் இறங்குகிறது. அதைத் தெருவிலேயே, வளாகத்திலேயே பிடிக்க இன்றைக்கு நம் கையில் இருக்கும் மலிவான வழி நாணல் படுகை.

திருவொற்றியூர் 2011-இல் மாநகராட்சியில் சேர்ந்து முதல் மண்டலமாக இருக்கிறது. முதல் மண்டலத்தில் ஒரே ஒரு மாநகராட்சிப் பள்ளியில் முதல் படுகையைக் கட்டட்டும் என்று கேட்கிறேன். கட்டும் பணத்தோடு ஐந்து வருடப் பராமரிப்புப் பணத்தையும் சேர்த்தே ஒதுக்க வேண்டும். கசடு எடுக்கும் தேதியைப் பள்ளிச் சுவரில் எழுதிவைக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உள்ளே போகும் நீரையும் வெளியே வரும் நீரையும் சோதித்து, எண்ணைப் பலகையில் போட வேண்டும். சோதனைக்குக் குப்பி பிடிக்கவும், பிள்ளைகளுக்குப் பி.ஓ.டி. பார்க்கக் கற்றுத்தரவும் என்னைப் போல் ஓய்வு பெற்ற ஆய்வகக்காரர்கள் மணலி, எண்ணூர் பக்கம் நிறையப் பேர் சும்மா இருக்கிறோம். கூப்பிட்டால் வருவோம்.

குடியிருப்போர் சங்கத்து நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை புதுச்சேரிக்குப் போகும்போது ஆரோவில்லில் ஒரு படுகையின் அருகே பத்து நிமிடம் நின்று பாருங்கள். ஜல்லியைக் கையால் தள்ளிப் பாருங்கள், கடைசிக் குழாயில் வரும் நீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். பார்த்துவிட்டு வந்து உங்கள் வார்டு கவுன்சிலரிடம் எழுத்தில் மனுக் கொடுங்கள், ஒப்புகைச் சீட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.